குழந்தை ரொம்ப ஷார்ப்பா இருக்கா? ஸ்கூல்ல போய் என்ன கேக்கணும்

மூணு வயசுலயே நாட்டுக் கொடியெல்லாம் பாத்து பேர் சொல்றான், அப்ப இவன் கிஃப்டட், அதாவது வயசுக்கு மீறின அறிவு இருக்கற பிள்ளை தானேன்னு சொந்தத்துலயும் பிரண்ட்ஸ்லயும் யாராவது கேட்டுட்டே இருக்காங்க. என் பொண்ணுக்காக நாங்க ஸ்கூல்ல பேசி ஒரு வழி பண்ணினது அவங்களுக்கு தெரியும், அதான். ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்றதுக்கு பதிலா இங்க எழுதி வச்சிடறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

கொடி மேட்டருக்கே வரேன். ஞாபக சக்தி நல்லா இருக்கறது சந்தோஷம் தான், ஆனா தினமும் கார்டு காட்டி சொல்லிக்குடுத்தா நிறைய குழந்தைங்க அத சொல்லிடும். நான் பாக்கச் சொல்றது, யாருமே சொல்லிக்குடுக்காத இடத்துல குழந்தை தானா என்ன பண்ணுதுன்னு. என் பொண்ணுக்கு நாலு வயசு இருக்கும்போது ஒரு பில்டிங்ல லிஃப்ட்ல போனோம், பட்டன்ல 2, 1, 0 அதுக்கு கீழ பார்க்கிங்குக்கு -1, -2ன்னு போட்டிருந்துச்சு. அதையே வெறிச்சு பாத்துட்டு நின்னவ, "அம்மா, ரெண்டுலருந்து மூணு மாடி கீழ போனா கோடு போட்ட ஒண்ணு வருது, அப்ப இந்த கோடு போட்ட நம்பரெல்லாம் எது வரைக்கும் போகும்?"னு கேட்டா. வீட்டுக்கு வந்ததும் பேப்பர்ல லிஃப்ட் வரைஞ்சு கீழ கீழ எழுதிட்டே போறா, பேப்பர் தீந்ததும் இன்னொரு பேப்பர அடியில ஒட்டிட்டு மறுபடி எழுதறா, சாப்பிட கூப்பிட்டா காதுலயே விழல. மைனஸ்னு ஒரு வார்த்தை கூட நாங்க யாரும் அவகிட்ட சொன்னதில்ல.

இந்த மாதிரி விஷயங்கள தான் கவனிக்கணும். ஒண்ணுல புடிச்சத இன்னொண்ணுல கொண்டு போய் பொருத்தி பாக்குறது, ஒரு விஷயத்துல மணிக்கணக்கா முழுகி கிடக்கறது, நீங்க சொன்ன பதில்ல ஓட்டை கண்டுபுடிச்சு திரும்ப கேக்குறது, ஒரு விளையாட்டுக்கு ரூல்ஸ் மாத்தி புதுசா ஒண்ணு பண்றது, தன் வயசு பிள்ளைங்கள விட பெரிய பிள்ளைங்ககிட்ட ஒட்டிக்கறது. இதெல்லாம் ஒரே குழந்தைகிட்ட இருக்கணும்னு இல்ல, ஒரு நாள் பாத்துட்டு முடிவு பண்ற விஷயமும் இல்ல. ஒரு நோட்டு போட்டு தேதியோட எழுதி வைங்க, குழந்தை சொன்னத அது சொன்ன மாதிரியே எழுதுங்க, பின்னாடி ஸ்கூல்ல பேசறப்ப இதுக்கு இருக்கற மதிப்பு வேற எதுக்கும் கிடையாது.

இன்னொரு விஷயம் நிறைய பேர் குழம்பிப் போற இடம். மூளை எட்டு வயசு மாதிரி யோசிக்கும், கை நாலு வயசு கை தான், அழுகையும் நாலு வயசு அழுகை தான். மனசுல இருக்கற படம் பென்சில்ல வரலன்னு பேப்பர கிழிச்சு போட்டு ஒரு மணி நேரம் அழுவா. "இவ்ளோ அறிவு இருக்கு, இது கூடவா புரியாது உனக்கு"ன்னு அப்ப கேக்காதீங்க ப்ளீஸ், அது அந்தக் குழந்தைக்கு ரொம்ப அநியாயம். இப்படி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல வளர்றது தான் கிஃப்டட் பிள்ளைங்களோட முக்கியமான அடையாளம்னே 1991-ல கொலம்பஸ் குரூப்னு சிலர் சேந்து ஒரு விளக்கம் எழுதினாங்க, எனக்கு இன்னைக்கு வரைக்கும் அது தான் ரொம்ப சரியா படுது.

கண்ணுல படாம போற பிள்ளைங்களும் இருக்காங்க. எழுத்து நேரா வராத, டிஸ்லெக்ஸியான்னு படிக்கறதுலயும் எழுதறதுலயும் சிரமம் இருக்கற பிள்ளைக்கு யோசனை பிரமாதமா இருக்கும், அந்த யோசனை குறையை மறைச்சிடும், குறை யோசனைய மறைச்சிடும், கடைசில மிஸ் கண்ணுக்கு சுமாரான பிள்ளையா தெரியும். அமைதியா இருக்கற பொண்ணுங்க, வீட்ல ஒரு பாஷை ஸ்கூல்ல ஒரு பாஷைன்னு இருக்கற பிள்ளைங்க இவங்களையும் இப்படி விட்டுடறாங்க. அதே மாதிரி ரெண்டு மூணு வயசுலயே சரளமா படிக்குது, ஆனா படிச்சது என்னன்னு கேட்டா புரியல, பேச்சும் சரியா வரலன்னா அத அறிவுன்னு மட்டும் நெனச்சு விட்டுடாதீங்க, குழந்தை வளர்ச்சி பாக்குற டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க.

அறிவுத்திறன அளக்கற ஐக்யூ டெஸ்ட் எடுக்கலாமான்னு கேக்குறீங்க. 1905-ல பிரான்ஸ்ல ஆல்ஃப்ரட் பினே முதல் டெஸ்ட்ட பண்ணினதே ஸ்கூல்ல யாருக்கு கூடுதல் உதவி வேணும்னு கண்டுபுடிக்க தான், யார் மேதைன்னு பட்டம் குடுக்க பண்ணல. இப்ப இருக்கறதுல சின்ன பிள்ளைங்களுக்கு விப்ஸின்னு ஒரு டெஸ்ட், ரெண்டரை வயசுலருந்து ஏழரை வரைக்கும், ஆறு வயசுலருந்து பதினாறு வரைக்கும் விஸ்க்னு இன்னொரு டெஸ்ட். சராசரி 100, 130க்கு மேல வர்றவங்க நூத்துல ரெண்டு பேர் தான். ஆனா அஞ்சு ஆறு வயசுக்குள்ள எடுக்கற மார்க் நிறைய மாறும், அன்னைக்கு தூக்கம் வந்தா ஒரு மார்க், டெஸ்ட் வைக்கற மேடத்த புடிக்கலன்னா ஒரு மார்க். பெரிய பிள்ளைங்களுக்கே தப்பும். 1921-ல அமெரிக்காவுல லூயிஸ் டெர்மன் ஐக்யூ வச்சு ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு பிள்ளைங்கள பொறுக்கி எடுத்து காலம் முழுக்க ஆராய்ச்சி பண்ணினார். அதுல மார்க் பத்தலன்னு வெளிய நின்ன ரெண்டு பசங்க வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ், ஒருத்தருக்கு 1956-லயும் இன்னொருத்தருக்கு 1968-லயும் பிசிக்ஸ்ல நோபல் கெடச்சுது. அதனால ஸ்கூல்ல ரிப்போர்ட் கேட்டா எடுங்க, இல்ல குழந்தை ஒரு பக்கம் பிரமாதம் ஒரு பக்கம் தடுமாற்றம்னு குழப்பமா இருந்தா எடுங்க. எடுத்தா ஒத்த நம்பர வாங்கிட்டு வராதீங்க, பகுதி பகுதியா பிரிச்ச ரிப்போர்ட்ட கேட்டு வாங்குங்க, விஷயமே அதுல தான் இருக்கு.

இப்ப ஸ்கூல். நான் ரொம்ப உறுதியா சொல்றது இது ஒண்ணு தான், "என் பிள்ளை கிஃப்டட்"னு ஆரம்பிக்காதீங்க. கிளாஸ்ல நாப்பது பிள்ளைங்கள வச்சிட்டு இருக்கற மிஸ்ஸுக்கு அது ஒரு புகார் மாதிரி தான் கேக்கும். எங்க மிஸ் சொன்னது, "சீக்கிரம் முடிச்சிட்டு பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேசிட்டே இருக்கா மேடம்". நாங்க கேட்டது ஒரே ஒரு உதவி, அடுத்த பாடம் நடத்தறதுக்கு முன்னாடியே அந்தப் பாடத்தோட கடைசி டெஸ்ட்ட அவளுக்கு குடுத்து பாருங்கன்னு. குடுத்தாங்க. கூட்டல் கழித்தல் எல்லாம் சரி, கடிகாரம் பாத்து மணி சொல்ற கேள்வி அத்தனையும் தப்பு! பூஜ்ஜியத்துக்கு கீழ போறவளுக்கு மணி பாக்க தெரியல. அந்த ஒரு பேப்பர பாத்ததுலருந்து பேச்சே மாறிடுச்சு, ஏன்னா மிஸ்ஸுக்கும் இப்ப செய்ய ஒரு வேலை தெளிவா தெரிஞ்சுது. தெரிஞ்சத விட்டுட்டு கடிகாரத்த மட்டும் நடத்துனாங்க, மிச்சம் ஆன நேரத்துக்கு மேல் கிளாஸ் கணக்கு பீரியடுக்கு அனுப்பினாங்க. தெரிஞ்ச பகுதிய சுருக்கி நேரம் மிச்சம் பண்ற இந்த முறைய ஜோசப் ரென்சுல்லின்னு ஒருத்தர் தான் வகுத்து குடுத்தார், எந்த ஸ்கூல்லயும் பண்ணலாம், செலவு கிடையாது.

சீக்கிரம் முடிச்சா இன்னும் இருபது அதே மாதிரி கணக்கு குடுக்கறத மட்டும் ஒத்துக்காதீங்க. அது தண்டனை, குழந்தைக்கு அது நல்லா புரியும், அடுத்த நாள்லருந்து மெதுவா எழுத ஆரம்பிச்சிடும். எப்பவுமே பக்கத்து பிள்ளைக்கு சொல்லிக்குடுன்னு உக்கார வைக்கறதும் அப்படி தான், எப்பவாவது சரி.

டபுள் ப்ரமோஷன்னாலே எல்லாரும் பயப்படறாங்க, பிரண்ட்ஸ் இல்லாம போயிடுவா, ஏங்கி போயிடுவான்னு. 2004-ல அமெரிக்காவுல எ நேஷன் டிசீவ்ட்னு ஒரு பெரிய அறிக்கை வந்துச்சு, அதுவரைக்கும் நடந்த ஆராய்ச்சியெல்லாம் திரட்டி பாத்ததுல, சரியா பாத்து செலக்ட் பண்ணி மேல அனுப்புன பிள்ளைங்க படிப்புல நல்லா வந்தாங்க, பழக்கத்துலயும் நாம பயப்படற அளவுக்கு பாதிப்பு இல்லன்னு தான் சொல்லுது. ஆனா குழந்தைக்கே இஷ்டம் இருக்கணும், எந்த கிளாஸ் மிஸ்கிட்ட போறாளோ அவங்களும் மனசார கூப்பிடணும், இதுல ஒண்ணு இல்லன்னாலும் நான் வேண்டாம்னு தான் சொல்வேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு பாடத்துல மட்டும் மேல அனுப்பி பாருங்க. ஆஸ்திரேலியாவுல கணித மேதை டெரன்ஸ் டாவோவ மூணரை வயசுல ஸ்கூல்ல போட்டு, ஒத்து வரலன்னு அவங்க அப்பா அம்மா வெளிய எடுத்துட்டாங்க. அஞ்சு வயசுல திரும்ப சேத்து, எந்தப் பாடத்துல எவ்ளோ மேல போக முடியுமோ அதுல மட்டும் அவ்ளோ மேல அனுப்பினாங்க, எட்டு வயசுக்குள்ள கணக்குக்கு மட்டும் ஹைஸ்கூல் போனார். 2006-ல அவருக்கு ஃபீல்ட்ஸ் மெடல். அந்த அளவுக்கு அறிவு இருந்த குழந்தையையே ஒரு தடவ வெளிய எடுக்க வேண்டி வந்துச்சு பாருங்க, அதனால ஒண்ணு ஒத்து வரலன்னா திரும்பி வர்றதுல எந்த கேவலமும் இல்ல.

வீட்ல "நீ அறிவாளி"ங்கற பாராட்டையும் கொஞ்சம் குறைங்க. 1998-ல கிளாடியா முல்லர், கேரல் ட்வெக்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்கள வச்சு பாத்தாங்க, அறிவாளின்னு பாராட்டுன பிள்ளைங்க அடுத்து சுலபமானத தேடி போனாங்க, ஒரு தடவ தோத்ததும் முன்னாடி விட கம்மியா பண்ணாங்க, நல்லா முயற்சி பண்ணினன்னு பாராட்டுன பிள்ளைங்க கஷ்டமானத கேட்டு வாங்கினாங்க. சுலபமாவே எல்லாம் கெடச்சு பழகுன குழந்தைக்கு இது ரொம்ப முக்கியம், ஸ்கூல்ல கஷ்டமானது கேட்டு வாங்கறதே இதுக்காகவும் தான்.

மீட்டிங் முடிஞ்சு வந்ததும் பேசுனத நாலு வரில மெயில் போட்டுடுங்க, மறுபடி எப்ப உக்காந்து பாக்கலாம்னு ஒரு தேதியும் அதுலயே கேட்டுடுங்க. ஏன்னா அடுத்த வருஷம் மிஸ் மாறிடுவாங்க, எல்லாம் ஆரம்பத்துலருந்து வரும். வருஷம் முடியறப்பவே இப்ப இருக்கற மிஸ்ஸ கேட்டு, எந்தப் பாடத்துல எங்க இருக்கா, என்ன பண்ணி பாத்தோம், எது சரியா வந்துச்சு, எது வரலன்னு ரெண்டு பாரா எழுதி ஃபைல்ல போட சொல்லுங்க. ஸ்கூல் திறந்த முதல் வாரமே புது மிஸ்கிட்ட அத காட்டி பேசிடுங்க, பரீட்சை வரட்டும்னு காத்திருந்தா ஒரு டெர்ம் அப்படியே போயிடும்.