பாலம் கட்டக் கூத்து

திபெத் என்றாலே மடாலயம், பிரார்த்தனைக் கொடி என்றுதான் பேசுகிறோம். எனக்கு அங்கே மிகப் பிடித்தவர் பாலம் கட்டிய ஒரு துறவி. தாங்தோங் கியால்போ, 15ஆம் நூற்றாண்டுக்காரர். ஓவியங்களில் நரைத்த முடியும் தாடியுமாக, கையில் இரும்புச் சங்கிலியோடு உட்கார்ந்திருப்பார்.

சீறிப் பாயும் ஆறுகளைத் தோல் படகில் கடக்க வேண்டிய நாடு அது. இவர் கொல்லர்களைத் திரட்டி, கண்ணி கண்ணியாக இரும்பை அடித்து, கரைக்குக் கரை சங்கிலிப் பாலம் போட்டார். யார்லுங் சாங்போ ஆற்றின் குறுக்கே 1430இல் எழுந்த சக்சம் பாலம் அவருடையது. பூட்டானில் பாரோவுக்குப் பக்கத்தில் கட்டியது 1969 வெள்ளத்தில் போய்விட்டது. பழைய கண்ணிகளையும் சேர்த்து 2005இல் மீட்டிருக்கிறார்கள்.

பணத்துக்கு? ஏழு சகோதரிகளை ஆடிப் பாட வைத்து ஊர் ஊராக நிதி திரட்டினார் என்பார்கள் திபெத்தியர்கள். அச்சே லாமோ என்னும் அவர்களுடைய கூத்து அப்படித்தான் பிறந்ததாம்! முரசும் தாளமும் மட்டுமே பக்கவாத்தியம். கூடாரத் துணிக்கடியில் பகல் முழுக்க நடக்கும். நீல முகமூடி வேடர்கள் முதலில் வந்து ஆடி இடத்தைத் தூய்மைப்படுத்துவார்கள். லாசாவில் கோடையில் வரும் ஷோதோன் என்ற தயிர்த் திருவிழாவில் இந்தக் கூத்துக்குத்தான் கூட்டம்.

1959இல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்த அதே ஆண்டு இந்தக் கலைகளுக்காக ஒரு நிறுவனம் தொடங்கினார். எல்லாவற்றையும் இழந்து வந்து நின்ற நேரத்தில் கூத்தைக் காப்பாற்ற நினைத்தார்களே, அதை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. தர்மசாலாவில் அது இன்றும் இயங்குகிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் நிகழ்ச்சி உண்டா என்று அவசியம் விசாரியுங்கள்.