வாக்குக் கேட்காமலே ஆள்பவர்கள்

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில், ஒரு முஸ்லிம் ஹோட்டலின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாக ஒரு கதை கிளம்பியது. குழம்பில் கிடந்தது வெறும் மாவுக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வில் பிறகு தெரியவந்தது. சாப்பாட்டில் போட்டு ஆளை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகத்தில் எங்கேயும் கிடையாது. ஆனால் அதற்கிடையில், சிங்களம் சரியாக விளங்காத ஹோட்டல்காரரை மிரட்டித் தலையாட்டவைத்த வீடியோ பேஸ்புக்கில் ஊரெல்லாம் ஓடிவிட்டது. கடை நொறுங்கியது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த கிழமை திகனயும் தெல்தெனியவும் எரிந்தன.

அந்த நேரத்தில் இலங்கை அரசாங்கத்தின் கையில் என்ன இருந்தது என்பதைக் கவனியுங்கள். இன வெறுப்புப் பதிவுகளைப் பற்றி முறையிட்டவர்களுக்கு, “எங்கள் சமூக நியமங்களை இது மீறவில்லை” என்ற பதில்தான் பேஸ்புக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. சிங்களம் தெரிந்த மதிப்பீட்டாளர்கள் அவர்களிடம் போதுமான அளவில் இருக்கவில்லை. கடைசியில் அரசு மார்ச் 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் மொத்தமாக முடக்கியது. கொம்பனியின் ஆட்கள் கொழும்புக்கு வந்து பேசியது அதற்குப் பிறகுதான். பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். பள்ளிவாசல் உடைந்து இரண்டு வருடத்துக்கு மேல் போயிருந்தது.

நாட்டையே இருட்டாக்கும் ஒரு சுவிட்ச், கொம்பனியிடம் கெஞ்சும் ஒரு தொலைபேசி. இவை இரண்டையும் தவிர வேறொன்றும் ஓர் அரசிடம் இல்லாமற்போனால், அங்கே அதிகாரம் ஏற்கனவே கைமாறிவிட்டது என்றுதான் பொருள். தொழில்நுட்பக் கோடீசுவரர்களின் அரசியல் பலம் என்று பேச்செடுத்தால் பலர் தேர்தல் நன்கொடையைத்தான் சொல்கிறார்கள். அதுவும் உண்மைதான். 2024 அமெரிக்கத் தேர்தலில் டிரம்பையும் அவரது கட்சியையும் வெல்லவைக்க, ஸ்பேஸ்எக்ஸ் கொம்பனியின் முதலாளி எலோன் மஸ்க் 25 கோடி டொலருக்கு மேல் இறைத்தார். 2010இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் சிற்றிசன்ஸ் யுனைட்டட் வழக்கில், கொம்பனிகளும் தேர்தலில் வரம்பின்றிச் செலவழிக்கலாம் என்று கொடுத்த தீர்ப்பு அதற்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தது. ஆனால் பணக்காரர் அரசியல்வாதியை வாங்குவது பழைய கதை. அரசு நடப்பதற்கு வேண்டிய உறுப்புகளே தனி ஆட்களின் சொத்தாகிவிட்டதுதான் புதிய கதை. வயல் யாருடையதாக இருந்தாலும், மதகுத் திறப்பு வைத்திருப்பவர் சொல்லும் நாளில்தானே தண்ணீர் வரும்.

2025 ஜூனில் மஸ்குக்கும் டிரம்புக்கும் சண்டை மூண்டபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. மஸ்கின் கொம்பனிகளுடனான அரசாங்க ஒப்பந்தங்களை வெட்டுவேன் என்றார் ஜனாதிபதி. அப்படியானால் ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் விண்கலத்தைச் சேவையிலிருந்து எடுத்துவிடுவேன் என்றார் மஸ்க். சில மணி நேரத்தில் அந்தப் பேச்சை அவர் வாபஸ் வாங்கிக்கொண்டார். ஆனாலும் மிரட்டலுக்குப் பலம் இருந்தது. போயிங்கின் ஸ்டார்லைனர் விண்கலத்தில் விண்வெளி நிலையத்துக்குப் போன இருவரை 2025 மார்ச்சில் பூமிக்குத் திருப்பிக் கொண்டுவந்தது டிராகன்தான். அமெரிக்க மண்ணிலிருந்து விண்வெளி நிலையத்துக்கு மனிதரை அனுப்ப நாசாவுக்கு அப்போது நம்பகமாக இருந்த வாகனம் அது ஒன்றே.

இந்தப் பலம் நம்முடைய கரைவரை நீண்டதற்கு அறுகம்பை ஒரு சாட்சி. சுனாமிக்குப் பிறகு பொத்துவிலையும் அறுகம்பையையும் இணைத்த புதுப் பாலம், அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எயிட்டின் நிதியில் கட்டப்பட்டு 2008இல் திறக்கப்பட்டது. அந்த நிறுவனத்தை 2025 தொடக்கத்தில் சில கிழமைகளுக்குள் முறித்துப் போட்டது, அரச செலவைக் குறைக்கவென்று டிரம்ப் அமைத்து, மஸ்க் தலைமைதாங்கிய டோஜ் என்ற குழு. மஸ்க் தேர்தலில் நின்றவர் அல்ல. செனட் சபை விசாரித்து அங்கீகரித்தவரும் அல்ல. வருடத்துக்கு 130 நாள் வேலை செய்யலாம் என்ற ‘விசேட அரச ஊழியர்’ பதவிதான் அவருக்கு. மார்ச்சில் யூஎஸ்எயிட்டின் 83 வீதத் திட்டங்கள் ரத்தாகின. ஜூலை 1ஆம் திகதியோடு மிச்சமிருந்தவை அமெரிக்க வெளியுறவுத் திணைக்களத்துக்குள் போயின. நம்முடைய ஊர்களில் அந்தப் பணத்தை நம்பித் திட்டம் போட்டிருந்த எவருக்கும், யாரிடம் முறையிடுவது என்ற கேள்விக்கே பதில் இல்லை.

இனி பேஸ்புக்கின் தலைவர் மார்க் சக்கர்பேர்க். 2025 ஜனவரி 7ஆம் திகதி, அமெரிக்காவில் வெளியார் செய்துவந்த உண்மைச் சரிபார்ப்பை நிறுத்துவதாக அறிவித்தார்; வெறுப்புப் பேச்சு விதிகளையும் தளர்த்தினார். அதே பேச்சில் அவர் சொன்ன இன்னொன்றுதான் இலங்கை போன்ற நாடுகளுக்கு முக்கியம்: அமெரிக்கக் கொம்பனிகளை நெருக்கும் அரசாங்கங்களை எதிர்த்து நிற்க டிரம்புடன் சேர்ந்து வேலை செய்வோம் என்றார். இது வெறும் பேச்சோடு நிற்கவில்லை. பெரிய தொழில்நுட்பக் கொம்பனிகள் மீது கனடா அறவிடவிருந்த டிஜிட்டல் சேவை வரிக்காக, ஜூன் 27ஆம் திகதி டிரம்ப் வர்த்தகப் பேச்சை முறித்தார். இரண்டு நாளில் கனடா வரியைக் கைவிட்டது. வெளிநாட்டு ஒன்லைன் விளம்பரங்களுக்குப் போட்டிருந்த 6 வீத வரியை இந்தியா ஏப்ரல் 1ஆம் திகதியிலிருந்து எடுத்துவிட்டது.

கனடாவுக்கும் இந்தியாவுக்கும் இந்த நிலை என்றால், நமக்கு? இலங்கைப் பொருட்களுக்கு 2025 ஏப்ரலில் 44 வீதத் தீர்வை அறிவித்தார்கள். பேசிப் பேசி அது 30 ஆகி, பிறகு 20க்கு இறங்கியது. நமது ஆடை ஏற்றுமதிக்கு ஆகப் பெரிய தனிச் சந்தை அமெரிக்கா. மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் தையல் மெஷினில் உழைக்கும் சம்பளத்தைப் பணயமாக வைத்துக்கொண்டு, பேஸ்புக்குக்கு எதிராகக் கொழும்பில் எந்த அமைச்சர் கடுமையாகச் சட்டம் கொண்டுவருவார்? ஒன்லைன் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் (2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம்) வந்ததே என்று சொல்லலாம். என் பார்வையில் அந்தச் சட்டத்தின் சுமை எழுதுகிற சாதாரண ஆளின் தலையில்தான் விழுகிறது. தளத்தின் முதலாளிக்கு அதனால் பெரிய வலி இல்லை.

மஸ்கின் செய்மதி இணையச் சேவையான ஸ்டார்லிங்கையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். 2024 மேயில் பாலித் தீவில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க மஸ்கைச் சந்தித்தார். ஜூலையில் தொலைத்தொடர்புகள் சட்டம் திருத்தப்பட்டது. 2025 ஜூலை 2ஆம் திகதி சேவை தொடங்கியது. அது உபயோகமான சாமான் என்பதில் சந்தேகமில்லை. வாகரையிலோ பாணமையிலோ வெள்ளத்தில் கேபிள் அறுந்தால் வேறு வழி குறைவு. ஆனால் பிரதேச செயலகம் ஒன்று அனர்த்தத் தொடர்பை அதன் மேல் மட்டும் வைத்தால் இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று தொழில்நுட்பம்: வழமையான டிஷ் 75 முதல் 100 வோட் இழுக்கும். 12 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் ஈய பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. ஆகவே இன்வேர்ட்டர் இழப்பையும் கழித்தால் ஐந்து, ஆறு மணித்தியாலம்தான் தாங்கும். தென்னோலை மறைத்தால் இணைப்பு விட்டு விட்டு வரும், மாரி மழை கொட்டும்போது இன்னும் குறையும். மற்றது அதிகாரம்: 2022இல் கிரைமியாவுக்குப் பக்கத்தில் உக்ரைன் கேட்ட இணைப்பைக் கொடுக்க மஸ்க் மறுத்தார். போர் நடத்தும் ஒரு நாட்டுக்கே அதுதான் நிலை. அதனால் விஎச்எப் ரேடியோவும் தரைவழி இணைப்பும் கூடவே இருக்க வேண்டும்.

இங்கிருந்தபடி நம்மால் நேரடியாகக் கண்காணிக்கக்கூடியது ஒன்று இருக்கிறது: இந்தத் தளங்களில் நமது அரசியல்வாதிகள் கொட்டும் விளம்பரப் பணம். கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்தது. அதற்குத் தேர்தல் எப்போது வந்தாலும் இந்தக் கண்காணிப்பு தேவைப்படும்.

பேஸ்புக்கில் ஓடும் விளம்பரங்களைக் காட்டும் ‘அட் லைப்ரரி’ பக்கத்துக்குப் போய் நாட்டை ஸ்ரீ லங்கா என்று வைத்து, வகையில் தேர்தலும் அரசியலும் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். வேட்பாளரின் பெயரைத் தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில் தனித்தனியாகத் தேட வேண்டும். ஒரு மொழியில் தேடி “ஒன்றுமில்லை” என்று விடுபவர்கள்தான் அதிகம். விளம்பரத்தின் விபரத்தைத் திறந்தால் யார் காசு கட்டியது, எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த வயது, எந்த மாகாணம் என்று வரும். செலவு சரியான தொகையாக வராது. 100 டொலருக்குக் குறைவு, 100 முதல் 199 டொலர் என்று வீச்சாக வரும். ஆகவே கீழ்த்தொகையை ஒரு நிரலிலும் மேல்தொகையை இன்னொன்றிலும் கூட்டுங்கள். பக்கம் ஒவ்வொன்றினதும் மொத்தச் செலவு வேண்டுமானால் ‘லைப்ரரி ரிப்போர்ட்’டைத் தரவிறக்கலாம்.

பிழை எங்கே வரும்? அரசியல் என்று அறிவித்துப் போட்ட விளம்பரம் ஏழு வருடம் லைப்ரரியில் கிடக்கும். சாதாரண விளம்பரம் என்று சொல்லிப் போட்டது, ஓடி முடிந்ததும் மறைந்துவிடும். கெட்டிக்காரர்கள் இந்தப் பொந்தைத்தான் பாவிக்கிறார்கள். எனவே கண்ட உடனே லைப்ரரி இலக்கமும் திகதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுக்க வேண்டும். வேட்பாளரின் சொந்தப் பக்கத்தில் ஒன்றும் இருக்காது. சினிமா, கிரிக்கெட் என்று ஆள் சேர்த்த பக்கம் ஒன்று திடீரென அவருக்காகப் பேசும். அந்தப் பக்கத்தின் ‘பேஜ் ட்ரான்ஸ்பேரன்சி’யில் எப்போது தொடங்கியது, எத்தனை தரம் பெயர் மாறியது, எந்த நாட்டிலிருந்து நடத்துகிறார்கள் என்பது இருக்கும். பிரசாரம் ஓய வேண்டிய கடைசி 48 மணித்தியாலத்திலும் ஓடுகிற விளம்பரங்களைத் தொடங்கிய திகதியையும் நிலையையும் வைத்துப் பிடிக்கலாம். பிடித்ததும் தேர்தல் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். இதைவிட நல்ல கருவி ஒன்று இருந்தது. பதிவுகள் எப்படிப் பரவுகின்றன என்று பார்க்க ஆய்வாளர்கள் பாவித்த கிரவுட்டேங்கிளை, பேஸ்புக்கின் தாய்க் கொம்பனியான மெட்டா 2024 ஓகஸ்ட் 14ஆம் திகதி மூடிவிட்டது. நமது ஜனாதிபதித் தேர்தலுக்கு அப்போது ஐந்து கிழமைதான் இருந்தது. வட்ஸ்அப்புக்குள் ஓடுவதைப் பார்க்க இன்றைக்கும் வழி கிடையாது.

தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டப்படி (2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கம்) முடிவு வந்து 21 நாளுக்குள் வேட்பாளர் வரவு செலவு அறிக்கை கொடுக்க வேண்டும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டார்கள். அந்த அறிக்கையில் சமூக ஊடகச் செலவு என்று எழுதியிருப்பதை எடுத்து, நீங்கள் கூட்டிய கீழ்த்தொகையோடு வைத்துப் பாருங்கள். மேல்தொகையோடு ஒப்பிட்டால் தப்பிக்க இடம் கொடுப்பீர்கள். கீழ்த்தொகையையே தொடாத கணக்குக்கு விளக்கம் கேட்கலாம். டொலரை ரூபாயாக்கும்போது விளம்பரம் ஓடிய மாதத்தின் விகிதத்தைப் போடுங்கள்.

அரச அலுவலகங்களின் பக்கம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) கைகொடுக்கும். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. “டிஜிட்டல்மயமாக்கல் பற்றிய தகவல்” என்று பொதுப்படையாகக் கேட்டால் வழவழப்பான பதில்தான் வரும். குறிப்பாகக் கேளுங்கள்: எந்த மென்பொருளுக்கு எந்தக் கொம்பனியோடு ஒப்பந்தம், கேள்விப்பத்திரம் கோரப்பட்டதா, முதல் வருடத்துக்குப் பிறகு கட்டணம் எவ்வளவு, பொதுமக்களின் தரவு எந்த நாட்டு சேர்வரில் இருக்கிறது, ஒப்பந்தம் முடிந்தால் அந்தத் தரவை எந்த வடிவில் திருப்பி எடுக்கலாம், ஒப்பந்தத்தின் பிரதி. தங்கள் அறிவித்தல்களைப் பேஸ்புக் பக்கத்தில் மட்டும் போடும் பிரதேச சபையிடம், அந்தப் பக்கத்தின் கடவுச்சொல் யார் பொறுப்பில், முடங்கினால் மாற்று என்ன என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதற்கும் மசியாவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. முதல் விண்ணப்பத்தைக் கையளிக்கும்போதே திகதி போட்ட பற்றுச்சீட்டை வாங்கிவிடுங்கள். அது கையில் இல்லாவிட்டால் நாட்கணக்கை நிரூபிக்க முடியாது.