ஆணை இல்லாத கோப்பு

24 ஜூன் 2024, திங்கள்

குறைதீர் நாளில் வேலூரில் மனு கொடுத்தோம். எதிர் வீட்டுப் பாட்டி பீடி சுற்றுபவர். மகள் இறந்துவிட்டாள், மருமகன் போன இடம் தெரியவில்லை. பேத்தியும் பேரனும் குடியாத்தத்தில் இவரிடம்தான் வளர்கிறார்கள். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. அதைத்தான் கேட்கிறோம்.

மனுவைப் புரட்டியவர் சொன்னார்: "ரேஷன் அட்டை ஆம்பூர் விலாசம். அது திருப்பத்தூர் மாவட்டம்." 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது இந்தப் பிள்ளைகள் எந்தப் பங்கில் விழுந்தார்களோ!

28 ஜூன், வெள்ளி

திருப்பத்தூர். பிள்ளைகள் வசிக்கும் மாவட்டம்தான், அதாவது வேலூர்தான், பார்க்க வேண்டும் என்றார்கள். அதை எழுதித் தாருங்கள் என்றேன். சிரித்தார்கள்.

9 ஜூலை, செவ்வாய்

விசாரிக்க வந்த ஊழியர், "காப்பகத்தில் விட்டுவிடுங்கள், சோறும் படிப்பும் கிடைக்கும்" என்றாராம். காப்பகம் கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் கொள்கை. இங்கே அதுதான் முதல் யோசனை. "உயிர் இருக்கும்வரை விடமாட்டேன் டீச்சர்" என்று பாட்டி முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

18 ஜூலை, வியாழன்

இளைஞர் நீதிச் சட்டம், 2015ஐ உட்கார்ந்து படித்தேன். குழந்தையின் குடும்ப நிலையை விசாரிக்கும் சமூக விசாரணை 15 நாளில் முடிய வேண்டும். குழந்தையை முதலில் முன்னிறுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள், பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக்குழு இறுதி ஆணை தர வேண்டும். இவர்களைக் குழுவின் முன் நிறுத்தியது ஜனவரியில். கெடு மே மாதமே முடிந்துவிட்டது.

ஆணை பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆணையே பிறக்காவிட்டால் எதன் மேல் முறையிடுவது? மறுத்தால்தானே ஒருவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். கிடப்பில் போட்டால் கையெழுத்துக்கே வேலையில்லை. (ஆதரவற்ற குழந்தையைக் கண்டும் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லாதவருக்கு இதே சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. மே மாதத்துக்கு யாருக்கு என்ன தண்டனை?)

22 ஜூலை, திங்கள்

"பழைய அலுவலர் மாறுதலாகிவிட்டார், புதியவர் இன்னும் கோப்பைப் பார்க்கவில்லை." பேசியவர் நல்ல மனிதர், தேநீர்கூட வாங்கித் தந்தார். கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் குடித்தேன்.

இனி பணத்தைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. பத்து ரூபாய் வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு எழுதியிருக்கிறேன். சமூக விசாரணையை யாரிடம், எந்தத் தேதியில் ஒப்படைத்தீர்கள்? அறிக்கை வந்ததா? காலாண்டுதோறும் மாவட்ட ஆட்சியருக்குப் போகும் நிலுவைப் பட்டியலில் இந்த இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்களா? நாளை காலை பதிவுத் தபாலில் போகிறது.