கவுண்ட்டரை விட்டு நகர்வதற்கு முன்

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பளம். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகள் மாதச் சம்பளத்தை அக்கவுண்ட்டில் போட்டுவிடுகின்றன. எங்களைப் போல ஜாப் வொர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்டுகளில் இன்னும் வாரக் கணக்குதான், அதிலும் பெரும்பங்கு ரொக்கம். பவர் டேபிள் டெய்லருக்குப் பீஸ் ரேட், செக்கிங் அம்மாக்களுக்கு ஷிப்ட் கணக்கு, ஹெல்பர்களுக்குத் தனிக் கணக்கு. ஒவ்வொரு கவரிலும் ரூபாய் சரியாக இருந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கறி, மளிகைக்கடை பாக்கி, மகளிர் குழுத் தவணை எல்லாம் அந்தக் கவரை நம்பித்தான் நிற்கிறது. எங்கள் யூனிட்டில் கணக்குப் பார்ப்பதும் பேங்க்குக்குப் போவதும் என் வேலை.

2015 செப்டம்பரிலிருந்து மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் பேங்க் கிடையாது. அந்த வாரங்களில் வெள்ளிக்கிழமையே பணத்தை எடுத்து வைக்க வேண்டும். ஊரில் இருக்கிற எல்லா யூனிட்காரர்களும் அன்றைக்குத்தான் வருவார்கள். கேஷ் கவுண்ட்டரில் வரிசை வாசல் வரைக்கும் நிற்கும். நான் சொல்லப்போவது அப்படி ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது.

இரண்டரை லட்சத்துக்கு செல்ஃப் செக், அதாவது நம் கணக்கிலிருந்து நாமே ரொக்கம் எடுக்கிற செக். கட்டுக்கு நூறு நோட்டு. எனக்கு ஐந்நூறில் மூன்று கட்டு, இருநூறில் இரண்டரைக் கட்டு, நூறில் நான்கு கட்டு, ஐம்பதில் இரண்டு கட்டு வேண்டும். கவர் போட அப்படித்தான் தோதாக இருக்கும். இதை ஒரு தாளில் எழுதிச் செக்கோடு சேர்த்துக் கொடுத்துவிடுவேன். கேஷியர் செக்கின் பின்பக்கம் எந்த நோட்டில் எத்தனை என்று எழுதிக்கொள்வார். அதை ஒரு பார்வை பார்த்து என் தாளோடு ஒத்துக்கொள்வேன். நாளைக்கு ஏதாவது பேச்சு வந்தால் அந்தப் பின்பக்கக் கணக்குதான் இரண்டு பேருக்கும் சாட்சி.

கட்டுகள் வந்ததும் ஒவ்வொன்றாகப் பட்டையைப் பிரித்து மெஷினில் போடச் சொன்னேன். கேஷ் கொடுக்கும் கவுண்ட்டரில் இரண்டு பக்கமும் எண் தெரிகிற மெஷின் வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இரண்டாவது திரை. முதல் கட்டு 100. இரண்டாவதும் 100. மூன்றாவது ஐந்நூறு கட்டு 97.

"மேடம், இதுல மூணு குறையுதுங்க."

"ஒட்டியிருக்குமுங்க. மறுபடி போடறேன்."

ஒட்டுவது உண்டு, அதில் பொய்யில்லை. புது நோட்டு ஒன்றோடொன்று ஒட்டி இரண்டு ஒன்றாகப் போய்விடும். மறுபடி போட்டார்கள். அதே 97. கையாலும் எண்ணினார்கள். 97தான்.

அந்தப் பொண்ணுக்கு முகம் வாடிவிட்டது. சின்ன வயசு, வேலைக்கு வந்து அதிக நாள் ஆகியிருக்காது. "நாங்க கட்டா வாங்கிக் கட்டாத்தானுங்க குடுக்கறோம். சாயங்காலம் டேலி பண்ணும்போது எக்சஸ் வந்தா உங்களுக்குப் போன் பண்றனுங்க" என்றார்.

கேட்க நியாயமாக இருக்கிறது அல்லவா? பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் சரி என்று வந்துவிடுவார்கள். ஆனால் இதில்தான் விஷயமே இருக்கிறது. கேஷியர் சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது காலையில் இருந்த இருப்பு, வந்தது, போனது மூன்றையும் கூட்டிக் கழித்துக் கையிருப்போடு ஒத்துப் பார்ப்பார். சில்லறையாக, அதாவது கட்டாக இல்லாமல் உதிரி நோட்டாக எண்ணிக் கொடுத்ததில் எனக்கு மூன்று நோட்டு குறைந்திருந்தால் அந்த மூன்று நோட்டு அவருடைய பெட்டியிலேயே கிடக்கும். சாயங்காலம் 1,500 ரூபாய் கூடுதலாக நிற்கும், தேடிப் பிடித்துக் கொடுத்துவிடலாம். முழுக்கட்டு அப்படி இல்லை. அந்தக் கட்டு அவர் கைக்கு வரும்போதே 50,000 ரூபாய் என்று கணக்கில் ஏறியிருக்கிறது, எனக்குக் கொடுத்ததும் 50,000 ரூபாய் என்று இறங்கிவிட்டது. உள்ளே 97 இருந்தாலும் சரி, 90 இருந்தாலும் சரி, சாயங்காலம் அவர் கணக்கு ஒரு பைசா பிசகாமல் நேராக நிற்கும். அவர் உண்மையாகவே "டேலி ஆகிடுச்சுங்க, எக்சஸ் எதுவும் இல்லீங்க" என்பார். நோட்டு குறைந்தது இதைக் கட்டிய இடத்தில், அது வேறு கிளையாகவோ, கிளைகளுக்கு நோட்டு அனுப்பும் கிடங்கான கரன்சி செஸ்ட்டாகவோ இருக்கலாம்.

இதைத்தான் அவரிடம் சொன்னேன். "சாயங்காலம் உங்க கணக்கு டேலி ஆகிடுமுங்க மேடம். என்ற பணந்தான் வராது. இப்பவே ஆபீசரைக் கூப்பிடுங்க, கட்டும் பட்டையும் இங்கயே இருக்கட்டும்."

பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், "ஏனுங்க அம்மிணி, அக்கட்டால நின்னு எண்ணிக்கலாமில்லீங்" என்றார். அவருக்கும் அவசரம் இருக்கும்தான். "பட்டையைப் பிரிச்சாச்சுங்கய்யா. இங்கிருந்து நகர்ந்தா பேச்சு மாறிப்போயிருமுங்க" என்றேன். அவர் அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

கேஷ் ஆபீசர் வந்தார். கட்டைச் சுற்றியிருந்த காகிதப் பட்டையை முதலில் எடுத்துப் பார்த்தார். அதில் கிளையின் முத்திரை, தேதி, எண்ணியவரின் சுருக்கொப்பம் இருக்கும். எங்கள் கிளையின் முத்திரை அது இல்லை. உள்ளே இருந்த இன்னொரு மெஷினில் போட்டார், கையால் எண்ணினார். பட்டையின் மேலேயே குறைவைக் குறித்துக் கையெழுத்துப் போட்டார். என்னிடம் ஒரு பக்கக் கடிதம் கேட்டார்: தேதி, நேரம், செக் எண், கவுண்ட்டரிலேயே கேஷியர் முன்னால் பிரித்து எண்ணப்பட்டது என்ற விவரம். கடிதத்தை வாங்கிக்கொண்டு மூன்று ஐந்நூறு நோட்டைக் கொடுத்தார். கட்டு அனுப்பிய கிளையோடு அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் யூனிட்டில் அந்த 1,500 ரூபாய் ஒரு செக்கிங் அம்மாவுக்கு ஏறக்குறைய மூன்று ஷிப்ட்.

அந்த ஆபீசர் நல்ல மனுஷன். ஆனால் நல்ல மனுஷனாக இருந்தாலும் பட்டை இல்லாமல் அவரால் எதுவும் செய்திருக்க முடியாது. கட்டை வீட்டில் பிரித்துவிட்டு, பட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு, மறுநாள் போய் நின்றால் யார் நம்புவது? நம்பாததைத் தப்பென்றும் சொல்ல முடியாது. வழியில் யார் எடுத்தார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எண்ணுவதில் என் பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் சில்லறையாக வந்ததை எண்ணுவேன், ஏனென்றால் அதை அந்தக் கேஷியர் அப்போதுதான் எண்ணியிருப்பார், பிசகு வர வாய்ப்பு அதிகம். அப்புறம் கட்டுகள். கையால் எண்ணும்போது ஒரு முனையில் எண்ணி முடித்து, கட்டைத் திருப்பி மறுமுனையிலும் எண்ண வேண்டும். நடுவில் ஒரு நோட்டு மடங்கி இருந்தால் ஒரு முனையில் அது இரண்டாகத் தெரியும், மறுமுனையில் தெரியவே தெரியாது. காங்கயம் பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் அம்மாவின் வழக்கம் இது. தேங்காய் வியாபாரி கொடுக்கிற பணத்தை இன்றைக்கும் அப்படித்தான் எண்ணுவார், வியாபாரி வண்டியைக் கிளப்பிக்கொண்டு நின்றாலும்.

சாதாரண மெஷின் நோட்டின் எண்ணிக்கையை மட்டும் சொல்லும், மதிப்பைச் சொல்லாது. ஐந்நூறு கட்டுக்குள் ஓர் இருநூறு இருந்தாலும் 100 என்றுதான் காட்டும். இதற்குச் சுலபமான வழி உண்டு. இப்போதைய வரிசையில் ஐம்பதும் அதற்கு மேலும் உள்ள நோட்டெல்லாம் 66 மி.மீ. அகலம், நீளம்தான் வேறு: ஐந்நூறு 150, இருநூறு 146, நூறு 142. கட்டின் ஒரு முனையை மேசையில் தட்டி நேராக்கினால், மறுமுனையில் குட்டையான நோட்டு உள்ளே போய்ப் பள்ளமாகத் தெரியும். நூறில் பழைய பெரிய நோட்டும் கலந்து வரும், அதனால் நூறு கட்டை ஒவ்வொன்றாகத் தள்ளித்தான் பார்க்க வேண்டும். புது நோட்டுக் கட்டில் எண்கள் வரிசையாக இருந்தால் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பார்த்தாலே போதும். வரிசை நடுவில் விட்டிருந்தால், எண்ணுக்கு முன்னால் நட்சத்திரம் போட்ட மாற்று நோட்டு சேர்த்திருப்பார்கள், அதுவும் செல்லும்.

இதற்கெல்லாம் நேரம் ஆகும். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள். என்னைக் கேட்டால், பேங்க்கில் பணம் குறைவதற்குக் கேஷியரின் பிசகை விட இந்த முறைப்புதான் பெரிய காரணம். குறிப்பாக வயசானவர்கள். பென்ஷன் 1,200 ரூபாய் வாங்க வந்த ஆத்தா இரண்டு நோட்டைப் பிரித்துப் பார்ப்பதற்குள் "நகருங்காத்தா" என்கிறோம். அவர் சுருட்டிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு போகிறார். அவர்களை எண்ண விடுங்கள். முடிந்தால் கூட நின்று எண்ணிக் கொடுங்கள், கவுண்ட்டருக்கு முன்னாலேயே, அவர் கண்ணெதிரிலேயே.

வீட்டுக்கு வந்த பிறகு குறைவு தெரிந்தால் என்ன செய்வது? சில்லறையாக வாங்கியதில் என்றால் கதவு முழுசாக மூடிவிடவில்லை. கேஷ் முடிப்பதற்குள் கிளைக்குப் போன் போட்டு மேனேஜரிடம் சொல்லுங்கள், டேலி பார்க்கும்போது தெரிந்துவிடும். அன்றைக்கே நேரில் போய்க் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கவுண்ட்டர் நம்பரையும் நேரத்தையும் எழுதி, அந்த நேரத்துக் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படி கேளுங்கள். பதிவு காலம் முழுக்க இருக்காது, பிந்தினால் அதுவும் போய்விடும். முப்பது நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரில் தனித்தனியாக இருந்த குறைதீர்ப்பாளர் திட்டங்களை ஒரே திட்டமாக ஆக்கிவிட்டார்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். ஆனால் பேங்க்கில் எழுதிக் கொடுக்காமல் நேரே அங்கே போனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பணம் கட்டும்போதும் இதே கவனம் வேண்டும். அங்கே பயம் கள்ளநோட்டு. லோக்கல் பார்ட்டி யாராவது ரொக்கமாகக் கொடுத்தால், அந்தக் கட்டைத் தனிக் கவரில் போட்டு, கொடுத்தவர் பெயரையும் தேதியையும் எழுதி வைத்துவிடுவேன். பல பேர் பணத்தை ஒன்றாகக் கலந்தால் பிறகு யாரைக் கேட்பது? கவுண்ட்டரில் ஒரு நோட்டு கள்ளநோட்டு என்று தெரிந்தால் கேஷியர் அதைத் திருப்பித் தரக் கூடாது. முத்திரை குத்தி வைத்துக்கொண்டு நமக்கு ஒரு ரசீது தர வேண்டும். அதற்குப் பதில் பணம் வராது, அந்த நஷ்டம் நம்முடையது. ஒரே முறையில் கட்டும் பணத்தில் நான்கு நோட்டு வரைக்கும் என்றால் பேங்க் மாதக் கடைசியில் போலீஸுக்கு மொத்தமாக விவரம் அனுப்பும். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் புகார் உடனே போய் எஃப்ஐஆர் பதிவாகும். அப்போது "யாரிடம் வாங்கினீங்க" என்று கேட்பார்கள். கவரில் எழுதிய பெயர் அன்றைக்கு வேண்டியிருக்கும். ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேஷியர் மறந்தாலும்.