ஆறடி தூரம், அரை டிகிரி வாசல்

போன வாரம் கொடைக்கானலில் ஆடிய பதினெட்டுக் குழிகளில் ஒன்றில்கூட மூன்று பட் (குழியை நோக்கிப் பந்தை உருட்டும் அடி) எடுக்கவில்லை. கோல்ஃப் ஆடுபவர்களுக்கு இதன் அருமை தெரியும். அதுவும் அந்தக் கிரீன்களில், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய அந்தப் புல்தரைகளில்! 1895இல் தொடங்கிய கிளப், முழுக்க மலைச்சரிவு. கண்ணுக்கு மேடாகத் தெரிவது பந்துக்குப் பள்ளமாக இருக்கும். நடுவில் காட்டெருமைக் கூட்டம் மேய வந்துவிட்டால் அது நகரும்வரை காத்திருக்கவும் வேண்டும். இத்தனைக்கும் வருடத்தில் பெரும்பகுதி நான் கிரீனையே பார்ப்பதில்லை. பயிற்சி எல்லாம் காரைக்குடிப் பக்கம் எங்கள் பழைய வீட்டுத் தாழ்வாரத்தில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில்தான். பக்கத்தில் மைதானம் இல்லையே என்று பட் அடிக்கும் மட்டையான பட்டரை மூலையில் சாத்தி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரை ஓங்கி அடிக்க இங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. கண்மாய் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் பொட்டல்தான். ஆனால் சரளையில் அடித்தால் மட்டையின் முகம் சிராய்ந்துவிடும், சீமைக்கருவேலத்துக்குள் போன பந்து போனதுதான். அதைவிடப் பெரிய காரணம் கணக்கு. பார், அதாவது பதினெட்டுக் குழிகளுக்கும் சேர்த்து எதிர்பார்க்கும் அடிகளின் எண்ணிக்கை, 72 என்றால் குழிக்கு இரண்டு வீதம் 36 அடி பட்டுக்கென்றே ஒதுக்கியது, சரிபாதி. இருந்தும் எல்லாரும் தூரத்தைத்தான் துரத்துகிறோம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் அதிதி அசோக் நான்காவதாக வந்தாரே, அந்தக் கூட்டத்தில் அவருடைய டிரைவ் குட்டையான டிரைவ்களில் ஒன்று. கடைசி நாள்வரை பதக்கப் போட்டியில் அவரை நிறுத்தியது பட்டர். அந்த நான்கு நாள் ஆட்டத்தை இப்போதும் எடுத்துப் பார்ப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்க பிஜிஏ டூர் ஆட்டக்காரர்கள் மூன்றடியில் தவறவிடுவது அபூர்வம், எட்டடியில் ஏறக்குறையப் பாதிதான் உள்ளே போகிறது. இந்த ஒரு விவரம் மனதில் பதிந்தாலே கோபம் பாதியாகக் குறையும். வாழ்நாள் முழுக்க இதையே தொழிலாகச் செய்பவருக்கு எட்டடியில் பாதி என்றால், நாம் ஒன்றைத் தவறவிட்டதற்குப் பட்டரை மாற்ற வேண்டியதில்லை. நான் எடுத்துக்கொண்டது ஆறடி. அங்கே பயிற்சிக்குப் பலன் கண்கூடாகத் தெரிகிறது.

இனி வாசல். கிரீன் என்றால் பந்தை ஏற்றி வைக்கும் டீக் குச்சி இரண்டைக் குத்தி நடுவில் பந்தை விடுவார்கள். ஆத்தங்குடிக் கல்லில் எங்கே குத்துவது? இரண்டு இரும்பு எடைக்கற்களை வைத்தேன். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர். பந்துக்கு 40 சென்டிமீட்டர் முன்னால், கற்களுக்கு நடுவே சரியாக 50 மில்லிமீட்டர் இடைவெளி. அப்படி வைத்தால் பந்தின் இருபக்கமும் மூன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இடம் இருக்கும். கோணமாகப் பார்த்தால் அரை டிகிரி. பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பட்டரின் முகம்தான், வீச்சின் பாதைக்கு அதில் சிறு பங்கு. முகம் ஒரு டிகிரி பிசகினால் ஆறடியில் பந்து 3.2 சென்டிமீட்டர் விலகும். குழியின் குறுக்களவு 10.8, அதில் பாதி 5.4, ஆக விழுந்துவிடும். இரண்டு டிகிரி பிசகினால் 6.4, விழாது. ஆகவே அரை டிகிரி வாசலைத் தாண்டத் தெரிந்த கைக்கு ஆறடியில் திசை ஒரு பிரச்சினையே இல்லை. 50 மில்லிமீட்டரைக் கண் மதிப்பில் வைக்காதீர்கள். ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும், பந்து கல்லில் பட்டு இடம் நகர்ந்த ஒவ்வொரு முறையும் திரும்ப அளக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் பயிற்சியின் உயிரே அந்த அளவில் இருக்கிறது.

வாசலின் பெரிய நன்மை, கையின் தவறையும் கண்ணின் தவறையும் அது பிரித்துக் காட்டும். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், மழைத் தண்ணீர் வடிய வேண்டும் என்பதற்காக எங்கள் தாழ்வாரத் தரைக்கு வளவுப் பக்கமாக லேசாக வாட்டம் விட்டிருக்கிறார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்து உறுதி செய்தேன். அதனால் ஒரு திசையில் அடித்தால் பந்து வலது பக்கம் வளையும், திரும்பி நின்று அடித்தால் இடது பக்கம். வாசலைக் குழிக்கு நேராக வைக்கக் கூடாது, பந்து புறப்பட வேண்டிய திசையில் வைக்க வேண்டும். எடைக்கல்லில் பட்டு டங் என்று சத்தம் வந்தால் கை பிசகியது. சத்தமில்லாமல் தாண்டிப் போயும் குழியில் விழவில்லை என்றால் வாட்டத்தையோ வேகத்தையோ தவறாகக் கணித்திருக்கிறோம், கை சரியாகத்தான் இருந்தது.

இதில்தான் மனப்பான்மையே மாறுகிறது. கல்லில் உரசிவிட்டு அதிர்ஷ்டத்தில் குழிக்குள் விழுந்த பந்தை நான் தவறு என்று எழுதுகிறேன். வாசலைச் சுத்தமாகத் தாண்டி விளிம்பில் சுற்றி வெளியே வந்த பந்தைச் சரி என்று எழுதுகிறேன். நல்ல அடியா இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமையைக் குழியிடமிருந்து பறித்துவிட்டால், மைதானத்தில் ஒரு பட் தவறிய பிறகு அடுத்த குழிக்கான ஆட்டம் தொடங்கும் இடத்துக்கு நடக்கும்போது தலை தெளிவாக இருக்கிறது. கொடைக்கானலில் இதை நன்றாக உணர்ந்தேன்.

தரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெறும் ஆத்தங்குடிக் கல் உதவாது. கண்ணாடி மேல் வார்த்த கல், புழங்கப் புழங்க இன்னும் மினுங்கும். பந்து நிற்காமல் ஓடிச் சுவரில் முட்டும். கோரைப்பாய் விரித்துப் பார்த்தேன், பின்னலின் வரியைப் பிடித்துக்கொண்டு பந்து ஓடுகிறது. கடைசியில் சரியாக அமைந்தது பவானி ஜமுக்காளம். எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935இல் உருவாக்கிய, கிரீனின் வேகத்தை அளக்கும் ஸ்டிம்ப்மீட்டரைப் போல, ஜன்னல் அலுமினியச் சேனலில் 91 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒன்று செய்துகொண்டேன். பந்தை உட்கார வைக்கும் பள்ளம் கீழ்முனையிலிருந்து 76 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். மெதுவாகத் தூக்கினால் ஏறக்குறைய இருபது டிகிரிச் சாய்வில் பந்து தானாக உருண்டு வரும். ஜமுக்காளத்தில் சுமார் ஒன்பதடி ஓடுகிறது, நம் ஊர்க் கிளப் கிரீனுக்கு இது போதும். ஜமுக்காளத்தின் பட்டைக் கோட்டுக்கு நேராகவே எப்போதும் அடிக்காதீர்கள், கண் அதற்குப் பழகிவிடும். சற்றுச் சாய்த்து விரியுங்கள். விரித்தே அடித்தால் அப்பத்தாவும் நிம்மதியாக இருப்பார்கள். முதல் நாளே, "தம்பி, கல்லுல கீறல் விழுந்துச்சுன்னா இந்தப் பூவுக்குச் சோடி எங்க போய்த் தேடுவே?" என்று கேட்டுவிட்டார்கள்.

எடைக்கற்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கியவை. பழைய சாமான் கடைகளில் துரு ஏறியது மலிவாகக் கிடைக்கும். அடிப்பக்கம் சமமாக இருக்கிறதா என்று தரையில் வைத்து ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். பட்டர் வாங்கிய அனுபவம் நன்றாக இல்லை. இணையத்தில் 34 அங்குலம் என்று போட்டு விற்றவர் அனுப்பியது 33, யாரோ வெட்டிக் குட்டையாக்கியது. திருப்பி அனுப்பப் பட்ட பாடு பெரும்பாடு. பழைய மட்டை வாங்குபவர்கள் டேப் வைத்து அளந்த படம் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

பயிற்சி முறைக்குத் திரும்புகிறேன். ஒரே ஒரு பந்துதான். குவியலாக வைத்துக்கொண்டு ஒரே இடத்திலிருந்து அடித்தால் நாலாவது அடியிலிருந்து எல்லாம் விழும், முன்னேறிவிட்டதாகத் தோன்றும். 1979இல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் கை அசைவுப் பயிற்சி ஒன்றில் இதைச் சோதித்தார்கள். ஒன்றையே தொடர்ந்து செய்தவர்கள் பயிற்சி நேரத்தில் முந்தினார்கள். கலந்து கலந்து செய்தவர்கள், பின்னால் சோதித்தபோது மேலே நின்றார்கள். மைதானத்தில் ஒரே பட் அடியை யாரும் இரண்டாம் முறை அடிக்கத் தருவதில்லை. அதனால் ஒரு அடி, பந்தை எடுக்க நடை, திரும்பி நின்று எதிர்த்திசையில் வேறு தூரத்தில் அடுத்த அடி. ஒவ்வொன்றுக்கும் குனிந்து வாட்டம் பார்ப்பது முதல் மூச்சை விடுவதுவரை முழுச் சடங்கும் உண்டு.

பார்வை விஷயமும் இதோடு சேர்ந்தது. 1992இல் ஜோன் விக்கர்ஸ் செய்த ஆய்வில், நல்ல ஆட்டக்காரர்கள் பந்தின் மேல் ஒரே இடத்தில் கண்ணை நீண்ட நேரம் அசையாமல் நிறுத்துவது தெரிந்தது. நான் பந்து இருக்கும் இடத்தில் ஜமுக்காளத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். பந்து போன பிறகும் கண் அந்தப் புள்ளியில்தான். டங் சத்தம் வருகிறதா என்று காதுதான் கேட்க வேண்டும். இந்தப் பழக்கம் வந்ததும் தோள் முன்கூட்டியே திரும்புவது தானாக நின்றது.

எல்லாம் நோட்டில் ஏறுகிறது. இடது, வலது, குறை, சரி என்று நாலே பத்தி. வாரக்கடைசியில் ஐந்தொகை எடுப்பதைப் போல நேர்செய்து பார்ப்பேன். பற்று எங்கே விழுகிறது என்று தெரிந்தால்தான் அடுத்த வாரம் எதைச் செய்வது என்று தெரியும். இப்போது பற்று முழுக்க ஒரே இடத்தில்: இடமிருந்து வலமாக வளையும் எட்டடி. வாசலைத் தாண்டிவிடுகிறது, ஆனால் குழிக்குக் கீழ்ப்பக்கமாகவே போகிறது. கை சரி, வாட்டத்தைக் குறைத்து மதிப்பிடுகிறேன். அதோடு வாசலை 47 மில்லிமீட்டருக்குச் சுருக்கியிருக்கிறேன். கோணம் கால் டிகிரிக்குச் சற்று மேல்தான். டங் சத்தம் மறுபடி அதிகமாகிவிட்டது, விடுவதாக இல்லை.

இதை முடிக்கும் முன்பே அடுத்த வேலை மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் நாட்டுப் பழைய மைதானங்கள் பலவற்றில் புல்லுக்குப் பதிலாக மணலில் எண்ணெய் கலந்து மெழுகிய பிரவுன் இருந்தது. தண்ணீர் இல்லாத எங்கள் ஊருக்கு அதுதான் பொருந்தும். தோட்டத்தில் கிணற்றடிக்குப் பின்னால் வட்டமாக ஒன்று அமைக்க வேண்டும். கழிவு எண்ணெயைக் கிணற்றுப் பக்கத்தில் ஊற்ற மனம் வரவில்லை. செம்மண்ணைச் சலித்து, நனைத்து, உருளை போட்டு இறுக்கினால் பந்து சீராக ஓடுமா, அல்லது காய்ந்ததும் வெடித்துவிடுமா? எண்ணெய் இல்லாமல் பிரவுன் போட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், எந்தச் சல்லடையில் சலித்தீர்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்தீர்கள் என்று சொல்லுங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் தரையைத் தயார் செய்துவிட நினைக்கிறேன்.