கார் தாண்டியது, தயிர்ச்சோறு தாண்டவில்லை

எங்கள் ஊர் ஈரோடு மாவட்டம், அம்மாபேட்டைப் பக்கம். நெரிஞ்சிப்பேட்டையில் விசைப்படகு ஏறினால் காவிரிக்கு அக்கரையில் பூலாம்பட்டி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் படகில் போய் வருகிறேன். டிவிஎஸ் 50-ஐ உருட்டி ஏற்றி, ஸ்டாண்டு போட்டு, அது சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பது எங்களுக்குப் பழகிப்போன விசயம். அதனால் இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் ஊரில் இருக்கும் மகள் போனில், "அம்மா, ஆகஸ்ட்ல பாப்பாவுக்கு லீவு. நீங்க ரெண்டு பேரும் வாங்க, காரையே கப்பல்ல ஏத்தி பிரான்ஸ் போயிட்டு வரலாம்" என்றபோது எனக்குப் பெரிய ஆச்சரியமெல்லாம் இல்லை. வீட்டுக்காரருக்குத்தான் மனசு இறங்கவில்லை. "ஆகஸ்டுன்னா ஆடி மாசமில்ல? அந்தியூர்ப் பண்டிகை போச்சே" என்றார். குருநாதசாமி கோயில் மாட்டுச்சந்தையை அவர் தவறவிட்டு எனக்கு நினைவில்லை.

இது 2025-இல் நடந்தது. பேச்சு ஆரம்பித்து ஊர் திரும்பும் வரை ஆறு மாதம். அதில் கடல் மேல் இருந்தது போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். மிச்சமெல்லாம் காகிதம்.

முதலில் விசா. இங்கிலாந்து விசா இருந்தால் பிரான்சுக்கும் போய்விடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. பிரான்ஸுக்கு ஷெங்கன் விசா தனி, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது அது. அதிலும் முக்கியமான சங்கதி, அதை நாம் குடியிருக்கும் நாட்டிலிருந்துதான் கேட்க வேண்டும். மகளைப் பார்க்கப் போயிருக்கும்போது அங்கேயே எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால், இங்கிலாந்தில் கப்பல் ஏறும் டோவர் துறைமுகத்தில் நின்று பேத்திக்குக் கையாட்டிவிட்டுத் திரும்பியிருப்போம். ஆக, இங்கிலாந்து விசா கைக்கு வந்ததும் மறுபடி சென்னை. ஈரோட்டில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி விடியற்காலை போய் இறங்கினோம். வங்கிக் கணக்கு, வருமானவரி, தங்குமிட முன்பதிவு, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, கூடவே தோட்டத்துச் சிட்டாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு. திரும்பி வர ஊரில் காடு கரை இருக்கிறது என்று காட்டத்தான் அந்தக் கடைசிக் காகிதம். விசாக் கட்டணம் மட்டும் ஆளுக்கு 90 யூரோ.

கவுன்டரில் இருந்த பெண் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, "பிரான்ஸுக்கு எந்த ஃபிளைட்ல போறீங்க மேடம்?" என்றாள். கப்பல் டிக்கெட்டை நீட்டினேன். அதில் மாப்பிள்ளை பேரும் கார் நம்பரும் மட்டும்தான் இருந்தன. "இதுல உங்க பேரே இல்லையே?" நியாயமான கேள்விதான். கப்பல் டிக்கெட் அங்கே காருக்கு எடுப்பது. உள்ளே இருப்பவர்களுக்கும் சேர்த்து அதுவே கட்டணம். எங்களுக்குச் சென்னையில் காலை பத்தரை, மகளுக்கு அங்கே காலை ஆறு. தூக்கத்தில் எழுப்பினேன். அவள் முன்பதிவுக்குள் போய் ஐந்து பேர் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் ஏற்றி, அந்தப் பக்கத்தை வாட்ஸாப்பில் அனுப்பினாள். பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுத்து ஓடி வந்து கொடுத்தோம். இப்படிப் போகிறவர்கள் எல்லோர் பெயரும் உள்ள தாளை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காருக்கு என்னென்ன கேட்டார்கள் என்றால், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, மாப்பிள்ளை ஒரு சாயங்காலத்தில் முடித்துவிட்டார். அங்கத்திய ஆர்.சி. புத்தகத்தின் அசல், இன்சூரன்ஸ், அவருடைய லைசென்ஸ் அட்டை. பின்பக்கம் ஒட்ட 'யூகே' என்ற ஸ்டிக்கர். முன்பு 'ஜிபி' என்று இருந்ததாம், 2021 செப்டம்பரில் மாற்றிவிட்டார்கள், பழையது செல்லாது. பிரான்ஸில் வலதுபக்கம் ஓட்ட வேண்டும் என்பதால் எதிரே வருகிறவர் கண்ணில் வெளிச்சம் அடிக்காமல் இருக்க ஹெட்லைட்டில் ஒட்டும் வில்லைகள். ஒரு எச்சரிக்கை முக்கோணம். பளபளக்கும் மேல்சட்டை, அதுவும் டிக்கியில் இருக்கக் கூடாது, வண்டிக்குள் கைக்கெட்டும் இடத்தில். அவ்வளவுதான். எங்கள் இருவருக்கும் தடித்த கோப்பு இரண்டு, காருக்கு ஒரு பிளாஸ்டிக் கவர்.

நம் ஊர்க் காரை இப்படி ஏற்ற முடியுமா என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டாயிற்று. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் ஆட்களை மட்டுமே ஏற்றுகிறது. வேறு வழியில் நம் காரை வெளிநாடு கொண்டுபோவதென்றால் பல நாடுகளில் 'கார்னே' என்ற சுங்கப் புத்தகம் கேட்பார்கள். வண்டியை அங்கே விற்றுவிடாமல் திரும்பக் கொண்டுவருவேன் என்பதற்கான பிணை அது. அதற்கு முன்பணமோ வங்கி உத்தரவாதமோ கட்ட வேண்டும். இங்கிலாந்துக் கார் பிரான்ஸ் போக அந்தத் தொல்லை இல்லை.

இனி சோற்றுக்கதை. கிளம்புவதற்கு முந்தின ராத்திரி தயிர்ச்சோறு பிசைந்து தூக்கில் வைத்திருந்தேன். வெண்ணெய் வாங்கி முருங்கைக்கீரை போட்டு நானே காய்ச்சிய நெய்யும் ஒரு பாட்டில் இருந்தது. மாப்பிள்ளை தயங்கித் தயங்கி வந்தார். "அத்தை, இது ரெண்டும் வேண்டாங்க. பால், கறி எதையும் உள்ள விட மாட்டாங்க." பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகு 2021-இலிருந்து இந்தத் தடை. குழந்தைகளுக்கான பால்பொடிக்கு மட்டும் கொஞ்சம் விலக்கு. பச்சைக் கறிவேப்பிலைகூடச் சான்று இல்லாமல் ஆகாது. பழங்களில் சான்று கேட்காமல் விடுவது ஐந்தே ஐந்து: வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, துரியன். வாழையும் தேங்காயும் நம் பக்கத்து ஆட்கள் யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. பத்து மணிக்கு மேல் புளி கரைத்துப் புளிச்சோறு கிளறினேன். தயிர்ச்சோற்றை அப்போதே நாங்கள் ஐவரும் உட்கார்ந்து தின்று தீர்த்தோம்.

மூன்றரைக்குக் கிளம்பினோம். டார்ட்ஃபோர்டில் தேம்ஸ் ஆற்றைத் தாண்டக் கட்டணம் உண்டு, ஆனால் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை இல்லை. வீட்டுக்காரருக்கு அந்தப் பயணத்திலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான்.

டோவரில் பிரெஞ்சு போலீஸ் இந்தக் கரையிலேயே உட்கார்ந்திருக்கிறது. கப்பல் ஏறும் முன்பே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திவிடுகிறார்கள். எங்கே தங்குவீர்கள், என்றைக்குத் திரும்புவீர்கள் என்ற இரண்டு கேள்விதான். (நாங்கள் போய் வந்த பிறகு, 2025 அக்டோபர் 12-இலிருந்து முத்திரைக்குப் பதிலாக முகப்படம், விரல்ரேகை பதியும் புது முறை படிப்படியாக வந்திருக்கிறது.) அப்புறம் கப்பல் கம்பெனிக் கூண்டு. கேமரா கார் நம்பரைப் படித்துவிடுகிறது. வரிசை எண் அச்சிட்ட ஒரு சீட்டைக் கண்ணாடியில் மாட்டச் சொன்னார்கள். சோற்றுத் தூக்கை யாரும் திறந்து பார்க்கவில்லை. அப்படியானால் நெய்யைக் கொண்டு போயிருக்கலாமே என்று தோன்றத்தான் செய்தது.

கப்பலின் வாய் திறந்து கிடக்கிறது. லாரிகள் ஒரு பக்கம், கார்கள் ஒரு பக்கம். மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் விரலை மட்டும் மடக்கி மடக்கி இன்னும், இன்னும் என்று கூப்பிட்டு, முன்கார் பம்பருக்கு ஒரு சாண் இருக்கும்போது உள்ளங்கையைக் காட்டினார். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, திருட்டு அலாரத்தை அணைக்க வேண்டும். கப்பல் ஆடும்போது அது தானாகக் கத்தும். கப்பல் போகும்போது கார்த் தளத்தில் யாரும் இருக்கக் கூடாது, கதவைப் பூட்டிவிடுவார்கள். மேலே வேண்டியதை எல்லாம் அப்போதே எடுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் சுவெட்டரை எடுத்தோம், வீட்டுக்காரரின் சர்க்கரை மாத்திரையை விட்டோம். அக்கரையில் பிரான்ஸின் கலே துறைமுகம் போய்ச் சேரும் வரை அவர் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, டோவர் கரையின் வெள்ளை மலை பின்னால் சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்து நின்றார்.

இறங்கச் சொல்லி அறிவித்ததும் அடுத்த கூத்து. எந்தத் தளம், எந்தப் படிக்கட்டு என்று யாரும் குறித்து வைக்கவில்லை. நான் மகளைப் பார்க்க, மகள் மாப்பிள்ளையைப் பார்க்க, அவர் கீழே இறங்கி மேலே ஏறி இரண்டு தளத்தில் தேடினார். பேத்திதான், "அம்மாயி, நம்ம படியில மீன் படம் இருந்துச்சு" என்று கண்டுபிடித்தாள். பின்னால் இருந்த கார்க்காரர் ஹாரன் அடிக்கவில்லை. எங்களைப் பார்த்த பார்வையே போதுமாக இருந்தது.

பிரான்ஸ் சாலையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். நம் கார் போலவே இங்கிலாந்துக் காரிலும் ஸ்டீயரிங் வலதுபக்கம். சுங்கச்சாவடிப் பெட்டியோ இடதுபக்கம். சீட்டைக் கிழிப்பதும் அட்டையை நீட்டுவதும் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் வேலை. மரியாதைக்காக முன் இருக்கையில் உட்கார வைத்த வீட்டுக்காரர் சாவடிக்குச் சாவடி தூக்கம் கலைந்து, ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினார். "அப்புச்சி, டிக்கெட்!" என்று பேத்தி பின்னாலிருந்து கத்துவாள்.

திரும்பும்போது கலே வரிசையில் நிற்கையில்தான் மாப்பிள்ளைக்கு நினைவு வந்தது. மகள் ஆசையாக வாங்கிய சீஸ் ஐஸ்பெட்டியில் இருந்தது. அந்தப் பக்கமிருந்து வருவதற்கும் 2025 ஏப்ரல் 12-இலிருந்து பிரிட்டன் தடை போட்டிருக்கிறது. ஐரோப்பாவில் சில நாடுகளில் மாட்டுக்குக் கோமாரி வந்ததாம். நான் முனக ஆரம்பிப்பதற்குள் வீட்டுக்காரர் திரும்பினார். "கோமாரின்னா சும்மாவா? நம்ம செவலைக்கு வந்தப்ப வாயில நுரை தள்ளிட்டு ஒரு வாரம் தண்ணி குடிக்கல, மறந்துட்டியா?" அதற்கு மேல் நான் பேசவில்லை. வரிசை நகர்வதற்குள் ஐந்து பேரும் அந்தச் சீஸை வெறும் ரொட்டியோடு தின்றோம். எனக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

போன வாரம் பூலாம்பட்டியில் ஒரு சீர். வண்டியோடு படகேறினோம். ஸ்டாண்டு போட்டுவிட்டு வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "எந்த மாடி, எந்தப் படின்னு பாத்து வெச்சுக்க" என்றார். படகுக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.