எந்தப் பக்கம் படுத்தார்?

ஹவுஸ் சர்ஜன்களுக்கு சிஜிஎம் (தோலில் ஒட்டிய சென்சார் வழியாக இரவும் பகலும் சர்க்கரை அளவைப் பதிவுசெய்யும் கருவி) சொல்லித்தருவதில் சென்சார் ஒட்டுவதெல்லாம் ஐந்து நிமிட வேலை. 14 நாள் ரிப்போர்ட்டைப் படிக்க வைப்பதில்தான் கஷ்டம்.

"மேடம், ராத்திரி ரெண்டு மணிக்கு சுகர் 52. நைட் இன்சுலினை நாலு யூனிட் குறைச்சிடலாமா?" என்று ரிப்போர்ட்டோடு வந்தார் அவர்களில் ஒரு தம்பி. கோடு 130-இலிருந்து செங்குத்தாக விழுந்து, அரைமணி நேரம் தட்டையாகக் கிடந்து, அதே வேகத்தில் மேலே ஏறியிருந்தது. "அந்தம்மா எந்தப் பக்கம் படுப்பாங்கன்னு கேட்டீங்களா?" என்றேன். கேட்டு வந்தார். வலது தோள்பட்டையில் வலி. இடது பக்கமாகத்தான் படுப்பாராம். சென்சாரும் இடது கையில்.

சென்சார் பார்ப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் இருக்கும் திரவத்தை. கை அழுந்தினால் அளவு பொய்யாக இறங்கும். டோஸை மாற்றாமல், ராத்திரியில் விரலில் குத்திப் பார்க்கச் சொன்னேன். நூறுக்கு மேல்தான் இருந்தது.

ஆனால் அதற்கு முன்பே அந்தத் தம்பி கேட்டிருந்தார்: "குறைச்சா காலையில சுகர் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதானே மேடம்? நிஜமாவே சுகர் குறைஞ்ச லோவா இருந்தா?"

காலை வெறும்வயிற்றில் ஏற்கெனவே 170. அதனால் "மருந்தை மாத்துறதுக்கு முன்னாடி அளவு நிஜமான்னு பாருங்க" என்றேன். இன்றும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் முதியவர்களுக்கு 70-க்குக் கீழே போகும் நேரம் 1 சதவீதத்துக்குள், அதாவது நாளொன்றுக்குக் கால்மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்ற 2019 பரிந்துரையை போர்டில் எழுதிப்போட்டவளும் நான்தான். அவர் பயந்ததில் என்ன தப்பு? வீட்டில் தனியாக இருப்பவரை ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி விரலில் குத்தச் சொல்ல முடியுமா?

அப்புறம் வேறொருவரின் கேஸ் ஷீட்டில், "படுத்ததால் வந்த லோ" என்று அந்தத் தம்பியின் கையெழுத்தில் பார்த்தேன். விரலில் குத்திப் பார்க்கவில்லை. அந்த நோயாளி அன்று ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்தவர். ரவுண்ட்ஸிலேயே கவனித்ததால் விபரீதம் எதுவும் நடக்கவில்லை.

பொய்க் குறைவைப் பற்றி இரண்டாம் வாரத்தில் சொல்லிக்கொடுக்கலாம், முதலில் எல்லா லோவையும் நம்பட்டும் என்கிறார் உடன் பணிபுரியும் மருத்துவர். அப்படிப் பழகியவர் தேவையில்லாமல் இன்சுலினைக் குறைத்துக்கொண்டே போவாரே என்பதுதான் என் வாதம். இப்போதைக்கு, எந்தப் பக்கம் படுத்தார் என்பதற்கு முன்னால் ராத்திரி என்ன சாப்பிட்டார் என்று கேட்கச் சொல்லித்தருகிறேன். அது போதுமா என்று தெரியவில்லை.